இரண்டு நாள் நெல்லை, ஆறு பேர்: எதை வைக்கலாம், எதை விடலாம்?

வடபழனிவாசி:

வணக்கம். தை மாதம் ஒரு சனி, ஞாயிறு சென்னையிலிருந்து நண்பர்கள் ஆறு பேர் திருநெல்வேலி வருகிறோம். வெள்ளி இரவு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி, ஞாயிறு இரவு அதே வண்டியில் திரும்புவதாக யோசனை. சாப்பாடுதான் முதல் நோக்கம், ஊர் சுற்றுவது அடுத்தது. ஒருவர் சுத்த சைவம். ஒருவருக்கு முழங்கால் வலி, நிறையப் படி ஏற முடியாது.

இப்போதைக்குப் போட்டு வைத்திருப்பது இது. சனிக்கிழமை காலை நெல்லையப்பர் கோயில், மதியம் குற்றாலம், வரும் வழியில் பார்டர் புரோட்டா, இரவு இருட்டுக்கடை அல்வா. ஞாயிறு திருச்செந்தூர், மணப்பாடு, கன்னியாகுமரியில் சூரிய அஸ்தமனம், அப்படியே ஜங்ஷன் வந்து ரயில். வண்டி வாடகைக்கு எடுக்கிறோம். இது நடக்குமா? எதைக் கழிக்கலாம், எதைச் சேர்க்கலாம்? அறை எங்கே போடுவது நல்லது?

---

பாளைக்காரன்:

வாங்க தம்பி. உங்க பிளானைப் பார்த்தா வண்டி டிரைவருக்குத்தான் நல்ல சுற்றுலா. ஞாயிற்றுக்கிழமையை மட்டும் கணக்குப் போடுங்க. நெல்லை – திருச்செந்தூர் 55 கி.மீ.க்கு மேலே, அங்கிருந்து கடற்கரை வழியா கன்னியாகுமரி 90 கி.மீ. பக்கம், குமரியிலிருந்து நெல்லை இன்னொரு 85. தை மாசம் அங்கே பொழுது அடைய ஆறே கால், ஆறரை ஆகும். பார்த்துட்டு கூட்டத்திலிருந்து வண்டியை வெளியே எடுக்கவே அரை மணி நேரம். ரயில் எட்டு மணிக்கு மேலே. டயர் ஒண்ணு பஞ்சரானா ரயில் போச்சு. குமரியை எடுத்துருங்க. அது தனியா ஒரு ரெண்டு நாள் கேக்குற இடம்.

நெல்லைக்கு வாறவங்க பொதுவா கோட்டை விடுறது ஒரே இடத்துலதான். பகல் 12லேருந்து 4 வரை. நெல்லையப்பர் கோயில் காலை 6 மணி வாக்குல திறந்து 12.30 வாக்குல நடை சாத்திருவாங்க, பிறகு 4 மணிக்குத்தான். கிருஷ்ணாபுரம், பாபநாசம், ஸ்ரீவைகுண்டம் எல்லாத்துக்கும் ஏறக்குறைய இதே கதைதான். இருட்டுக்கடை திறக்கவே சாயங்காலம் 5 மணி வாக்கு ஆயிரும். அதனால கோயிலும் அல்வாவும் ஒரே சாயங்காலம், ஒரே தெரு. காலையில கோயில், ராத்திரி அல்வான்னு பிரிச்சு வச்சா ரத வீதி நெரிசல்ல ரெண்டு தடவை மாட்டணும், அதுவும் ராத்திரி போய்ச் சேரும்போது கடை அடைச்சிருக்கும்.

சனிக்கிழமைக்கு என் யோசனை இது. ரயில் காலை ஏழு மணி வாக்குல வந்துரும். அறையில குளிச்சு, டிபன் முடிச்சு, எட்டரைக்குள்ள திருச்செந்தூர் ரோட்டுல கிளம்புங்க. பத்துப் பன்னிரண்டு கி.மீ.யில கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில். நாயக்கர் காலத்துச் சிலைகள், ஒவ்வொரு தூணும் ஆளுயரத்துக்கு ஒரே கல். வீரப்ப நாயக்கர் மண்டபத்துல கர்ணன், அர்ச்சுனன், மன்மதன், ரதி, அரசகுமாரியைத் தூக்கிட்டுப் போற குறவன்னு வரிசையா நிக்கும். முழங்கைக்குக் கீழே நரம்பு புடைச்சிருக்கிறதையும் நகக்கண்ணையும் பாருங்க. ஒரு மணி நேரமாவது வேணும். படி ஏறுற வேலை கிடையாது, முழங்கால்காரருக்குத் தொந்தரவு இல்லை.

அங்கிருந்து அதே ரோட்டுல இன்னொரு பத்துப் பன்னிரண்டு கி.மீ. போனா ஆதிச்சநல்லூர். தாழிகளை எடுத்த இடத்துலேயே, குழி மேலே கண்ணாடி போட்டு நின்னு பார்க்கிற மாதிரி வச்சிருக்காங்க. முதுமக்கள் தாழி மண்ணுக்குள்ள கிடந்த கோலத்துலயே கால் அடியில தெரியும். பறம்பு, அதாவது தாழி புதைச்ச மேடு, நூறு ஏக்கருக்கு மேலே, நிழல் அவ்வளவா கிடையாது, அதனால 11.30க்குள்ள முடிங்க. தொப்பியும் தண்ணியும் எடுத்துக்கோங்க. ஒரு வேடிக்கை, வெள்ளைக்காரத் தொல்லியல் அதிகாரி அலெக்சாண்டர் ரீ 1899லேருந்து தோண்டி எடுத்ததுல முக்கியமான பொருளெல்லாம் உங்க ஊர் எழும்பூர் மியூசியத்துலதான் இருக்கு. அங்கே தங்கப் பட்டத்தைப் பார்த்துட்டு இங்கே வந்தா கதை சேரும்.

ஒரு மணிக்கு ஊருக்குள்ள சாப்பாடு. பிறகு வெயில் தணியிற வரைக்கும் அறையில கட்டையைச் சாய்ங்க. வெட்கப்பட ஒண்ணும் இல்லை, ஊரே அப்படித்தான் இருக்கும்.

4 மணிக்கு நெல்லையப்பர் கோயில். சாமி கோயில், அம்மன் கோயில் ரெண்டையும் இணைக்குற சங்கிலி மண்டபம் 1647ல வடமலையப்ப பிள்ளை கட்டினது. அது வழியா நடந்து காந்திமதி அம்மன் சன்னதிக்குப் போங்க, வெளியே சுத்திப் போகாதீங்க. தாமிர சபையில மரவேலையை நின்னு பார்க்கணும். மணி மண்டபத்து இசைத்தூணைத் தட்டிப் பார்க்கிற ஆசை எல்லாருக்கும் வரும். சாவிக்கொத்து, நாணயம்னு ஆளாளுக்குத் தட்டித் தட்டித்தான் கல்லுல பள்ளம் விழுது. பெருந்தூணும் அதைச் சுத்தி இருக்கிற சின்னத் தூணும் ஒரே பாறையில கடைஞ்சது, அதைக் கண்ணால பார்த்தாலே போதும். அரை டிராயர் போட்டு வராதீங்க. வேட்டி, பேன்ட் எதுன்னாலும் சரி.

அறை ஜங்ஷன்லயோ வண்ணார்பேட்டையிலயோ போடுங்க. டவுன்ல போட்டா கோயில் பக்கம்தான், ஆனா வண்டி நிறுத்த இடம் தேடியே சண்டை வரும். தை மாசம் முகூர்த்தம் ஜாஸ்தி. முகூர்த்த நாளுக்கு முந்தின ராத்திரி லாட்ஜ், வேன் ரெண்டுமே கிடைக்காது. காலண்டரைப் பார்த்துட்டு நாள் குறிங்க.

---

அம்பை ஆத்தங்கரை:

பாளைக்காரன் அண்ணாச்சி சொன்னதுல ஒண்ணு விட்டுப்போச்சு. தைப்பூசம் எந்தக் கிழமையில வருதுன்னு பாருங்க. அதுக்கு முந்தின நாலஞ்சு நாள் திருச்செந்தூர் ரோடு முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம், பச்சை வேட்டியும் காவடியும்தான். ராத்திரி பகல்னு பார்க்காம நடப்பாங்க. கிருஷ்ணாபுரம் போறதுக்கே ஒரு மணி நேரம் ஆகலாம், இருட்டுல வண்டி ஓட்டுறது ஆபத்து. உங்க வார இறுதி பூசத்தை ஒட்டி வந்தா கிழக்கை விட்டுட்டு ரெண்டு நாளும் மேற்கே வாங்க.

குற்றாலம் பத்தி. ஆனி, ஆடி, ஆவணிதான் சாரல் சீசன். ஐப்பசி, கார்த்திகை மழையிலயும் தண்ணி விழும், ஆனா அப்போ வெள்ளம் வந்து குளிக்கத் தடை போடுறது அடிக்கடி. தை மாசம் பேரருவியில நூல் மாதிரி விழலாம், ஐந்தருவியில ரெண்டு கிளை விழலாம். அதை நம்பி 60 கி.மீ. போய் வரிசையில நிக்க வேண்டாம்.

அருவியில குளிக்கணும்னா பாபநாசம் அகஸ்தியர் அருவி. தாமிரபரணித் தண்ணி, மேலே காரையாறு அணை இருக்கு, அதனால வருஷம் முழுக்க விழும். நெல்லையிலிருந்து 50 கி.மீ. பக்கம். மேலப்பாளையம், முன்னீர்பள்ளம், கோபாலசமுத்திரம், மேலச்செவல், பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் வழியா ரோடு. வயலும் வாய்க்காலுமா வரும், கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனா ஊருக்கு ஊர் வேகத்தடை, ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. கூகுள் சொல்லுற நேரத்தோட இருபது நிமிஷம் கூட்டிக்கோங்க.

அருவி களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்ள இருக்கு. பாபநாசம் செக்போஸ்ட்ல வண்டியைச் சோதிப்பாங்க. சோப்பு, ஷாம்பு, எண்ணெய், பிளாஸ்டிக் பை, மது எதுவும் உள்ளே போகாது. ஆறு பேர் ஆறு பையைத் திறந்து காட்டுறதுக்குள்ள பின்னால வரிசை கட்டும். துண்டு, மாத்துத் துணி மட்டும் ஒரே துணிப்பையில போட்டு வச்சா ரெண்டு நிமிஷத்துல விட்டுருவாங்க. சாயங்காலம் சீக்கிரமே கேட்டை அடைச்சிருவாங்க, அதனால காலையில போற இடம் இது. ஞாயிறு 9 மணிக்குள்ள உள்ளே போனா கூட்டம் வர்றதுக்குள்ள குளிச்சு முடிச்சிரலாம். 11க்கு மேலே போனா அருவிக்கு அடியில நிக்க இடம் கிடைக்காது.

குரங்கு விஷயத்துல கவனம். பையில ஜிப் போட்டிருந்தாலும் திறக்கும். பிஸ்கட் கவர் சத்தம் கேட்டா பத்துப் பதினஞ்சு இறங்கி வரும். சாப்பாட்டை வண்டியிலயே வச்சுக் கண்ணாடியை ஏத்திட்டுப் போங்க. அருவிக்கு அடியில பாறை பாசி வழுக்கும், செருப்போட நிக்காதீங்க. முழங்கால்காரர் கம்பியைப் பிடிச்சு ஓரத்துல நின்னா போதும், சாரலே உடம்பை நனைச்சிரும்.

ஆத்துல குளிக்கிறதுன்னா படித்துறை தாண்டி ஒரு அடி எடுத்து வைக்காதீங்க. மேலே பார்க்க முழங்கால் தண்ணியா இருக்கும், அடியில மணல் அள்ளின பள்ளமும் கசமும் (ஆழமான மடு) இருக்கும். வருஷா வருஷம் வெளியூர்ப் பிள்ளைகள்தான் மாட்டுது.

வரும்போது பாபநாசநாதர் கோயிலை 12 மணிக்குள்ள பார்த்துருங்க. கல்லிடைக்குறிச்சியில அப்பளம் வாங்கலாம். அட்டைப்பெட்டியில குத்தவச்சு அடுக்கச் சொல்லுங்க, படுக்கவச்சு மேலே பை போட்டா சென்னைக்குப் போகும்போது நொறுக்குத் தீனியாத்தான் இருக்கும்.

பத்தமடையில பாய் பார்க்கணும்னா கடையில தொங்குற எல்லாமே பத்தமடைப் பாய்னு நினைக்காதீங்க. நல்ல பட்டுப்பாய்னா கோரையை மயிர் இழை மாதிரி கிழிச்சு, ஆத்துத் தண்ணியில ஊறப்போட்டு, நூறு பாவுக்கு மேலே கையால நெய்யுறது. ஒரு பாய் முடிய வாரக்கணக்குல ஆகும். கைக்குட்டை மாதிரி மடிச்சாலும் உடையாது, விரிச்சா மடிப்பும் தெரியாது. விலையும் அதுக்குத் தக்கன இருக்கும். சும்மா தரையில விரிக்கிறதுக்குன்னா முரட்டுப் பாய் போதும், வீணா செலவு பண்ணாதீங்க. மாப்பிள்ளை, பொண்ணு பேர் போட்ட பாய் வேணும்னா முன்கூட்டியே சொல்லி வைக்கணும், போன அன்னைக்குக் கிடைக்காது.

---

கீழரத வீதி:

அல்வா விஷயத்துக்கு மட்டும் நான்.

இருட்டுக்கடை நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழ ரத வீதியில். சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் திறக்கும், தீர்ந்ததும் அடைப்பு. சனிக்கிழமை கூட்டம் நாலரைக்கே சேரும். ஆறு பேரும் வரிசையில் நிற்க வேண்டாம். நாலு மணிக்குக் கோயிலுக்குள் போங்கள், நாலே முக்காலுக்கு இரண்டு பேர் மட்டும் வெளியே வந்து வரிசையில் நில்லுங்கள். மற்றவர்கள் நிதானமாகப் பார்த்துவிட்டு வரலாம். கையில் சில்லறையாகப் பணம் இருக்கட்டும். எத்தனை கிலோ என்பதை வரிசைக்கு வரும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். ‘அத்தைக்கு அரைக்கிலோவா, ஒரு கிலோவா’ என்று முன்னால் நின்று போன் போட்டால் பின்னால் நிற்பவர்கள் நெல்லைத் தமிழில் வாழ்த்துவார்கள்.

இருட்டுக்கடை கிடைக்கவில்லை என்று துக்கப்பட ஒன்றுமில்லை. ஜங்ஷனில் பகல் முழுதும் அல்வா கிடைக்கிறது. ஒரே பெயரைச் சிறிது மாற்றிய பலகைகள் வரிசையாக இருக்கும், பலகையைப் பார்த்து வாங்காமல் அல்வாவைப் பார்த்து வாங்குங்கள். நூறு கிராம் சூடாக இலையில் வாங்கிக் கிள்ளிப் பாருங்கள். விரலில் பசை மாதிரி ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு பிரிய வேண்டும். இலையில் நெய் தனியாக வட்டம் கட்ட வேண்டும். கண்ணாடி மாதிரி பளபளத்து, ரப்பர் போல இழுத்து விட்டதும் துள்ளினால் அது கார்ன்ஃபிளவர், கோதுமைப் பால் இல்லை. நிறம் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ எடுப்பாக இருந்தால் கலர்ப்பொடி. சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுத்து, தெளியவைத்து, சீனியோடு கைவிடாமல் கிண்டினால் அடுப்புச் சூட்டிலேயே சீனி சிவந்து அந்தப் பழுப்பு வரும். நெய் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், கடைசியில் அல்வா அதைத் திரும்ப வெளியே விடும். அதுதான் பதம்.

ஊருக்குக் கொண்டுபோவதில்தான் பாதிப்பேர் கெடுக்கிறார்கள். சூடாக வாங்கி அப்படியே பிளாஸ்டிக் டப்பாவில் இறுக மூடினால் உள்ளே வேர்த்து, அந்தத் தண்ணீர் மேலே சொட்டி, மூன்றாம் நாள் பூசணம். அறைக்கு வந்ததும் மூடியைத் திறந்து, மேலே ஒரு தாள் போட்டு, முழுக்க ஆறவிடுங்கள். அதற்குப் பிறகு மூடினால் பத்து நாள் வெளியிலேயே தாங்கும். ஈரக்கரண்டி போடக்கூடாது. ஃபிரிட்ஜில் வைத்தால் நெய் வெள்ளையாக உறைந்து மெழுகு மாதிரி ஆகும். வைத்துவிட்டால் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்துச் சூடாக்குங்கள், நேரடியாக அடுப்பில் வைத்தால் அடிப்பிடிக்கும்.

ரயிலில் பையைப் படுக்கவைக்காதீர்கள். நெய் கசிந்து துணியெல்லாம் போய்விடும். படுக்கைக்கு அடியில் தரையில் வைத்தால் செங்கல்பட்டு வருவதற்குள் எறும்பு கண்டுபிடித்துவிடும். கொக்கியில் தொங்கவிடுங்கள்.

ஞாயிறு சாயங்காலம் வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். வரிசை நீண்டால் ரயில் போகும். சனிக்கிழமையே வாங்கி இரவு முழுக்க ஆறவைப்பது இரண்டு வகையிலும் நல்லது.

---

தண்டவாளம்:

ரயில் டிக்கெட் இப்போது 60 நாள் முன்புதான் திறக்கிறது. வெள்ளி இரவு போக, ஞாயிறு இரவு வர என்று கேட்பவர்கள் எல்லோரும் ஒரே வண்டியைத்தான் கேட்கிறார்கள், அதனால் திறந்த அன்று காலை 8 மணிக்கே போட வேண்டும். ஐ.ஆர்.சி.டி.சி.யில் ஒரு டிக்கெட்டில் ஆறு பேர் வரை போடலாம், நீங்கள் சரியாக ஆறு பேர், ஒரே பி.என்.ஆர். போதும். தட்கல் என்றால் முந்தின நாள் ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. ஆனால் தட்கலில் ஒரு டிக்கெட்டுக்கு நாலு பேர்தான், ஆறு பேர் இரண்டாகப் பிரிய வேண்டிவரும். ஞாயிறு இரவு வண்டியைத் தட்கலை நம்பி விடாதீர்கள்.

திரும்பும்போது நெல்லை எக்ஸ்பிரஸ் கிடைக்காவிட்டால் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸும் நெல்லை ஜங்ஷன் வழியாகத்தான் போகிறது. வந்தே பாரத் 2023 செப்டம்பரிலிருந்து ஓடுகிறது, நெல்லையிலிருந்து விடிகாலை கிளம்புவது. திங்கள் லீவு போட முடிந்தால் ஞாயிறு இரவும் தங்கி அதில் போகலாம். வாரத்தில் ஒரு நாள் ஓடாது, கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குற்றாலத்தை விடவே மனசில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. ஞாயிறு அகஸ்தியர் அருவி முடித்து, அம்பை (அம்பாசமுத்திரம்), கடையம் வழியாகக் குற்றாலம் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் தென்காசியில் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறுங்கள். அது செங்கோட்டையில் கிளம்பி ராஜபாளையம், விருதுநகர் வழியாகச் சென்னை போகிறது, நெல்லைக்கு வராது. பெட்டி படுக்கையெல்லாம் காலையிலேயே வண்டியில் ஏற்றி அறையைக் காலி செய்துவிட வேண்டும். ஆனால் பொதிகை சாயங்காலமே கிளம்பிவிடும், ராத்திரி வண்டி என்று நினைத்து உட்கார்ந்துவிடாதீர்கள்.

---

வடபழனிவாசி:

அனைவருக்கும் நன்றி. கன்னியாகுமரி, திருச்செந்தூர், மணப்பாடு மூன்றையும் எடுத்துவிட்டேன். நாங்கள் வரும் வாரத்துக்கு அடுத்த வாரம்தான் பூசம், அதனால் சனிக்கிழமை கிருஷ்ணாபுரம், ஆதிச்சநல்லூர். ஞாயிறு அகஸ்தியர் அருவி. இன்னும் மூன்று கேள்வி. ஒன்று, சொதி எங்கே கிடைக்கும், எந்த ஓட்டலிலும் மெனுவில் காணோம். இரண்டு, பார்டர் புரோட்டா நெல்லையிலேயே கிடைக்குமா, இல்லை செங்கோட்டை வரை போகணுமா? மூன்று, சனிக்கிழமை அல்வா வாங்கிய பிறகு இருட்டும் வரை என்ன செய்யலாம்?

---

சொதிப்பிரியை:

சொதி அன்றாட ஓட்டல் சாப்பாடு இல்லை. கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் வைக்கிற குழம்பு. சைவ வேளாளர் வீடுகளில் பெண் வீட்டார் போடும் சாப்பாடு. அதனால் மெனுவில் தேடினால் கிடைக்காது. சில சைவ ஓட்டல்களில் வாரத்தில் ஒரு நாள் மட்டும் போடுவார்கள், போன் செய்து கிழமை கேட்டுக்கொள்ளுங்கள். உறுதியான வழி, வீட்டுச் சமையல் செய்து கொடுப்பவர்களிடம் இரண்டு நாள் முன்பே சொல்லி வைப்பது. தங்கும் லாட்ஜில் கேட்டாலே யாரையாவது கைகாட்டுவார்கள். ஆறு பேருக்குச் சொல்லும்போது ‘சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்குப் பொரியல், அப்பளம்’ என்று நாலையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெறும் சொதி மட்டும் வாங்கினால் பாதி ருசிதான். தேங்காய்ப்பால் மந்தம் தட்டும், இஞ்சிதான் அதைச் செரிக்க வைக்கும். அதனால்தான் அந்த ஜோடி.

நல்ல சொதியா என்று எப்படிப் பார்ப்பது? புளி கிடையாது. பாசிப்பருப்பு குழைந்து, முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளை இரண்டாம் மூன்றாம் பாலில் வெந்திருக்கும். கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, நுரை கட்டும்போதே இறக்கிவிடணும். கொதிக்கவிட்டால் திரிந்து, எண்ணெய் தனியாக, திப்பி தனியாக நிற்கும். எலுமிச்சம்பழம் பிழிவது இறக்கிய பிறகு, சூடு தணிந்ததும். உங்கள் இலையில் வந்த சொதி மோர் திரிந்த மாதிரி இருந்தால் இந்த இரண்டில் ஒன்றில் கைதவறியிருக்கிறது. காரம் பச்சைமிளகாயில் மட்டும்தான், சிவப்பாக இருந்தால் அது சொதி இல்லை, குருமா.

சொதி அமையாவிட்டால் உளுந்தம்பருப்புச் சோறு கேளுங்கள். கறுப்பு உளுந்தும் அரிசியும் தேங்காயும் பூண்டும் சேர்த்துப் பொங்கி, எள்ளுத் துவையலோடு சாப்பிடுவது. நல்லெண்ணெய் ஒரு கரண்டி மேலே. இதுவும் வீட்டுச் சாப்பாடுதான், ஆனால் சொதியைவிட எளிதில் செய்து கொடுப்பார்கள். கனமான சாப்பாடு. சாப்பிட்டுவிட்டு உடனே வண்டியில் வளைந்து வளைந்து போகாதீர்கள். உங்கள் சைவ நண்பருக்கு இந்த ஊரில் குறையே இருக்காது, மற்ற ஐந்து பேரும் ஒரு வேளை அவர் பக்கம் சாய்ந்துவிடுவார்கள்.

பதநீர் கேட்பீர்கள். தை மாதம் அதற்கு நேரம் இல்லை. பங்குனி, சித்திரையில் வந்தால் பனை ஓலைப் பட்டையில் நுங்கு போட்டுக் குடிக்கலாம். இப்போது கருப்பட்டிக் காபி குடியுங்கள். பால் ஊற்றினால் சில சமயம் கருப்பட்டி திரித்துவிடும், அதனால் பல கடைகளில் கடுங்காப்பியாகவே கொடுப்பார்கள், அதுதான் சரியும்கூட.

---

பாளைக்காரன்:

புரோட்டாவுக்கு வாறேன். பார்டர்ங்கிறது கடைப் பேரு இல்லை, இடப் பேரு. செங்கோட்டை 1956 வரைக்கும் திருவிதாங்கூர் பக்கம் இருந்துது. தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவுல பிரானூர்ல அந்தக் காலத்து எல்லை, அதான் பார்டர். இப்போ கேரள எல்லை புளியரைக்குப் போயிருச்சு, பேரு மட்டும் பிரானூர்ல ஒட்டிக்கிச்சு. புரோட்டா சின்னதா, அடுக்கு அடுக்கா, எண்ணெய் மினுங்க வரும். இலையில பிச்சுப் போட்டு சால்னாவை மேலே ஊத்தி ஊறவிட்டுச் சாப்பிடணும், ஒரு ஆளுக்கு நாலு அஞ்சு போகும். கூட மிளகு போட்ட நாட்டுக்கோழி.

இதுக்காக மட்டும் 65 கி.மீ. போக வேண்டாம். நெல்லையிலேயே அதே கைப்பக்குவத்துல போடுற கடைகள் இருக்கு, சாயங்காலம் ஆறரைக்கு மேலே கல்லு சூடாகும். எட்டு மணிக்குப் போனா முதல் ஈடு புரோட்டா தீந்து, அவசரத்துல போட்ட ரெண்டாவது ஈடு வரும், மாவு ஊறியிருக்காது. ஏழு மணிக்குப் போங்க. சைவ நண்பருக்கு வெஜ் சால்னா தனியா இருக்கான்னு கேட்டுட்டு உக்காருங்க. பல கடையில ஒரே சால்னாதான், ‘வெறும் குழம்பு’ன்னு சொன்னாலும் அது கோழி வெந்ததுதான்.

மூணாவது கேள்வி. குறுக்குத்துறை முருகன் கோயில். டவுன்லேருந்து ரெண்டு கி.மீ. பக்கம். ஆத்துக்கு உள்ளேயே கோயில். வெள்ளம் வந்தா முழுகும். தண்ணி எதிர்த்து வாற பக்கம் மதிலைப் படகு மூக்கு மாதிரி கட்டியிருக்கு, வெள்ளம் ரெண்டாப் பிரிஞ்சு ரெண்டு பக்கமும் போயிரும். வெள்ளம் வருதுன்னு தெரிஞ்சா உற்சவரையும் சாமானையும் கரை மேலே இருக்கிற மேலக்கோவிலுக்குக் கொண்டு போயிருவாங்க, வடிஞ்சதும் சேத்தைக் கழுவித் திரும்பப் பூசை. 2023 டிசம்பர் வெள்ளத்துக்கும் நின்ன கோயில் அது. அஞ்சே முக்காலுக்குப் போனா வெளிச்சம் இருக்கும், கல் மண்டபத்துல உக்காந்து ஆத்தைப் பார்க்கலாம். இறங்கிக் குளிக்க வேண்டாம், நகரத்துக்குள்ள தண்ணி முன்ன மாதிரி இல்லை.

இருட்டினதும் வண்ணார்பேட்டை திரும்புற வழியில கொக்கிரகுளம் பக்கம் சுலோசன முதலியார் பாலம். 1843ல ஒரு தனி ஆளு தன் காசைப் போட்டுக் கட்டின பாலம், இன்னைக்கும் வண்டி ஓடுது. பாலத்து மேலே நின்னு செல்பி எடுக்காதீங்க, பஸ் உரசிட்டுப் போகும். ஆத்தங்கரையில இறங்கி நின்னா வளைவெல்லாம் வரிசையாத் தெரியும்.

இன்னொண்ணு, நீங்க வர்ற சனிக்கிழமை ரெண்டாவது சனிக்கிழமையான்னு பாருங்க. பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமையும் ரெண்டாம் சனியும் லீவு. மத்தியானச் சும்மா நேரத்துக்கு அதை நம்பி வந்து பூட்டைப் பார்த்துட்டுப் போறவங்க நிறைய. அப்படி ஆனா பாளையில ஊசிக்கோபுரம் சர்ச்சை வெளியிலிருந்தாவது பாருங்க, 1826ல கட்டினது.

---

அம்பை ஆத்தங்கரை:

வண்டி பத்தி ஒரு வார்த்தை. ஆறு பேர்னா இன்னோவா போதும், ஆனா கடைசி சீட்டுல முழங்கால்காரரைப் போடாதீங்க, கால் நீட்ட முடியாது. பேசும்போது கி.மீ. வாடகை, டிரைவர் பேட்டா, பார்க்கிங், செக்போஸ்ட் கட்டணம் யார் கொடுக்கணும்னு முதல்லயே கேட்டுருங்க. வெளியூர் ஓட்டத்துக்கு ஒரு நாளுக்குக் குறைஞ்சது 250 கி.மீ.ன்னு கணக்குப் போடுற வழக்கம் உண்டு. உங்க சனிக்கிழமை ஓட்டம் 60, 70 கி.மீ. தாண்டாது, அதனால சனிக்கு ‘லோக்கல், பத்து மணி நேரம்’னு பேசுங்க, ஞாயித்துக்கு மட்டும் வெளியூர் கணக்கு. ரெண்டையும் சேர்த்து ஒரே பேக்கேஜா விட்டா ஓடாத தூரத்துக்கும் காசு போகும்.

ஞாயிறு காலை 6.30க்குக் கிளம்பணும்னா டிபனை அம்பையில வச்சுக்கோங்க. சனிக்கிழமை ராத்திரி அஞ்சு புரோட்டா சாப்பிட்டவனை ஆறு மணிக்கு எழுப்புறது உங்க பொறுப்பு.